சென்னையிலிருந்து தென்காசிக்கு ஏழு வருடம்

சென்னையில் ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் தென்காசி. ஒரு தூக்கம், அவ்வளவுதான். அதே தூரத்தைக் கடக்க ஈயம் இல்லாத பெட்ரோலுக்கு ஐந்து வருடம் ஆனது. கந்தகம் குறைந்த டீசலுக்கு ஏழு வருடம் ஆனது. இரண்டுமே டேங்கர் லாரியில் வருகிற சரக்குதான், ரோடும் இருந்தது, லாரியும் இருந்தது. வராமல் இருந்தது விதி மட்டும்.

வாகனப் புகையைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாக டெல்லியைப் பற்றிப் பேசுவோம். இல்லையென்றால் கார் கம்பெனிகளைப் பற்றிப் பேசுவோம். நடுவில் ஒருத்தர் இருக்கிறார், பங்க்காரர். புகை பற்றிய ஒவ்வொரு சட்டமும் கடைசியில் வந்து இறங்குவது அவருடைய நிலத்தடி டேங்க்கில்தான். அந்த டேங்க்கின் பக்கத்தில் நின்று பார்த்தால் இந்தியாவின் காற்றுச் சட்ட வரலாறு கொஞ்சம் வேறு மாதிரி தெரிகிறது. அதுவும் தென்காசி, குற்றாலம் மாதிரி ஊரில், காற்று வாங்கவே ஜனங்கள் வருகிற ஊரில், அது இன்னும் விசித்திரமாகத் தெரிகிறது.

நெருப்புக்குப் பயந்த சட்டம்

அடுத்த தடவை பங்க்குக்குப் போனால் மூலையைப் பாருங்கள். மெலிந்த இரும்புக் குழாய்கள் மூன்று நான்கு, ஆளுயரத்தைத் தாண்டி வானத்தைப் பார்த்து நிற்கும். வென்ட் பைப். பூமிக்கு அடியில் இருக்கிற டேங்க் மூச்சு விடுகிற மூக்கு அது. லாரியிலிருந்து 12,000 லிட்டர் பெட்ரோல் டேங்க்குக்குள் இறங்கினால், அதுவரை அங்கே இருந்த 12,000 லிட்டர் பெட்ரோல் ஆவி கலந்த காற்று வெளியே வந்தாக வேண்டும். வேறு வழி இல்லாவிட்டால் அது போகிற வழி இந்தக் குழாய்தான்.

இந்தக் குழாயை வைக்கச் சொன்னதும் சட்டம்தான். 1934-ல் வந்த பெட்ரோலியம் சட்டம் எண்ணெய்களை வகை பிரித்தது எதை வைத்து? எந்தச் சூட்டில் அதன் ஆவி தீப்பிடிக்கும் என்பதை வைத்து. 23 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயே தீப்பிடித்தால் ‘ஏ’ வகுப்பு. பெட்ரோல் அந்த வகுப்பு. ஆவி தரையில் தேங்கினால் ஒரு பீடி போதும், ஊரே போய்விடும். ஆகவே அதை உயரத்துக்குக் கொண்டுபோய்க் காற்றில் விடு என்றது சட்டம். அதற்குத் தெரிந்த ஆபத்து நெருப்பு ஒன்றுதான். அந்த ஆவியை ஒருவர் நாள் பூரா சுவாசிப்பார் என்பது அதன் கணக்கில் வரவில்லை.

பர்மா ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் என்று வெள்ளைக்காரக் கம்பெனிகள் கடை விரித்திருந்த காலம் அது. எழுபதுகளில் அவை அரசுடைமை ஆயின. எஸ்ஸோ ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் ஆனது, பர்மா ஷெல் பாரத் பெட்ரோலியம் ஆனது. போர்டு மாறியது, வென்ட் பைப் மாறவில்லை. 1981-ல் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. 1982-ல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வந்தது. ஆனால் அப்போது எல்லோர் கண்ணும் ஆலைப் புகைபோக்கி மேல்தான் இருந்தது. பங்க் என்பது தீயணைப்பு சம்பந்தப்பட்ட இடமாகவே ரொம்ப நாள் இருந்தது. மணல் நிரப்பிய சிவப்பு வாளிகள் அதற்குச் சாட்சி.

ஈயத்துக்கு ஐந்து வருடம்

1921-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர் ஈயச் சேர்மம் ஒன்றைப் பெட்ரோலில் கலந்தால் எஞ்சின் ‘நாக்’ அடிக்காது என்று கண்டுபிடித்தார். அடுத்த அரை நூற்றாண்டுக்கு மேல் உலகம் முழுக்க பெட்ரோலோடு ஈயமும் எரிந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும் என்பது நிரூபணமான பிறகும் எரிந்தது. கடைசியாக அல்ஜீரியா நிறுத்தியது, 2021-ல்.

இந்தியாவில் இதற்கு முடிவு கட்டிய கதை டெல்லியில் தொடங்குகிறது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்குகளின் வழியாக சுப்ரீம் கோர்ட் அழுத்தம் கொடுக்க, 1995 ஏப்ரல் முதல் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் புதுக் கார்களுக்கு கேட்டலிடிக் கன்வர்ட்டர் கட்டாயம் ஆனது. அந்தக் கன்வர்ட்டருக்கு ஈயம் விஷம். அதனால் அந்த நகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோலும் வந்தது. நாடு முழுக்க அது வந்தது 2000 பிப்ரவரியில்.

கவனியுங்கள். ஈயமில்லாப் பெட்ரோல் முதலில் வந்தது கன்வர்ட்டருக்காக. குழந்தைக்காக என்றால் தென்காசியில் மட்டும் குழந்தைகள் இல்லையா என்ன? கன்வர்ட்டர் வைத்த கார் எங்கே ஓடுமோ அங்கே முதலில் கொடுத்தார்கள். கார் ஓடாத ஊர் காத்திருந்தது. ஆனால் கார் நின்ற இடத்திலேயே நிற்குமா? சாரல் விழுந்தால் சென்னைக் கார் குற்றாலத்துக்கு வரத்தான் செய்யும். வந்த இடத்தில் ஈயம் கலந்த பெட்ரோலைச் சில தடவை நிரப்பினாலே கன்வர்ட்டர் வீண். ஒரு ஊரில் மட்டும் சுத்தமாக இருப்பது என்ற யோசனை முதல் தடவை அடி வாங்கியது இங்கேதான். ஆனாலும் அந்த யோசனையைக் கைவிட இன்னும் 20 வருடம் ஆனது.

இரண்டு தர வாழ்க்கை

பிறகு வந்தது பாரத் ஸ்டேஜ். சுருக்கமாக பி.எஸ். வண்டியிலிருந்து எவ்வளவு புகை வரலாம் என்பதற்கான படிநிலை அது. ஆனால் ஒவ்வொரு படிக்கும் அதற்கேற்ற எண்ணெய் வேண்டும், முக்கியமாகக் கந்தகம் குறைய வேண்டும்.

கந்தகக் கணக்கை பி.பி.எம். என்று சொன்னால் மனதில் நிற்காது. டேங்கர் லாரியை வைத்துச் சொல்கிறேன். 12,000 லிட்டர் டீசல் என்பது சுமாராக 10 டன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை டீசலில் 1 சதவீதம் வரை கந்தகம் இருக்கலாம். அதாவது ஒரு லாரிச் சரக்கில் 100 கிலோ, நாலு அரிசிப் பை. எரிந்தால் அது 200 கிலோ கந்தக டை ஆக்சைடு. பி.எஸ். 2-ல் அந்த 100 கிலோ 5 கிலோ ஆனது. பி.எஸ். 3-ல் மூன்றரை கிலோ. பி.எஸ். 4-ல் அரைக் கிலோ. பி.எஸ். 6-ல் 100 கிராம். ஒரு மூட்டையிலிருந்து ஒரு பொட்டலத்துக்கு வந்த கதை. சுத்திகரிப்பு ஆலைகள் செய்த பெரிய வேலை இது, அதைக் குறைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் இந்தப் பொட்டலம் எல்லா ஊருக்கும் ஒரே நாளில் வரவில்லை. மஷேல்கர் கமிட்டி சொன்னபடி 2003-ல் வந்த எரிபொருள் கொள்கை, பெருநகரத்துக்கு ஒரு தேதி, மற்ற நாட்டுக்கு ஒரு தேதி என்று இரண்டு தடம் போட்டது. சென்னைக்கு பி.எஸ். 2 வந்தது 2001-ல், மற்ற ஊர்களுக்கு 2005-ல். சென்னைக்கு பி.எஸ். 3 2005-ல், மற்றவர்களுக்கு 2010-ல். சென்னைக்கு பி.எஸ். 4 2010-ல், தென்காசிக்கு 2017-ல்.

அதற்குச் சொன்ன நியாயம் கேட்க நன்றாகவே இருக்கும். ஆலைகளை மாற்ற ஆயிரக்கணக்கான கோடி வேண்டும், எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது, அழுக்கான ஊருக்கு முதலில் மருந்து கொடுப்போம். சரிதான். ஆனால் இதன் மறுபக்கம் என்ன? காற்று சுத்தமாக இருக்கிற ஊர் அந்தச் சுத்தத்தையே செலவழித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பாய்ந்து வருகிற காற்று, ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்திலேயே வந்து தங்கும்படி செய்த காற்று, தென்காசி கோயில் கோபுர வாசலில் ஆளைத் தள்ளுகிற காற்று, அது பாட்டுக்கு வந்து புகையைக் கழுவிக்கொண்டு போகும் என்பதுதான் எழுதப்படாத விதி. வெள்ளைக்காரத் துரைமார்கள் உடம்பு தேற வந்து தங்கிய ஊர் அல்லவா, அதற்கு எதற்கு அவசரம்?

இதில் ஒரு வருடம் மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பி.எஸ். 4 எண்ணெயைக் கட்டம் கட்டமாக விரித்தபோது கேரளத்துக்கு 2016 ஏப்ரலில் கொடுத்தார்கள், தமிழ்நாட்டின் மற்ற ஊர்களுக்கு 2017 ஏப்ரலில். ஆக, ஒரு வருடம், மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு தாண்டிப் புனலூரில் 50 பி.பி.எம். டீசல், இந்தப் பக்கம் செங்கோட்டையில் 350. நடுவில் இருப்பது புளியரையும் கோட்டைவாசலும் சில கொண்டை ஊசி வளைவுகளும்தான். 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்தது. பிறகு மொழி பார்த்துத் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. 60 வருடம் கழித்து அதே எல்லைக் கோட்டில் கந்தகமும் பிரிந்து நின்றது. கோட்டில் லாரி நிற்கவில்லை, புகையும் நிற்கவில்லை. எங்கே மலிவோ அங்கே நிரப்பிக்கொண்டு லாரி மலை ஏறியது.

இரட்டைத் தடத்தின் ஓட்டையும் லாரியில்தான் தெரிந்தது. நாடு முழுக்க ஓடுகிற லாரிக்கு எல்லா ஊர் எண்ணெயும் ஒத்துவர வேண்டும். அதனால் பெருநகரத்துக்கு பி.எஸ். 4 வந்த பிறகும் லாரிகளில் பெரும்பாலானவை பி.எஸ். 3-ஆகவே வெளியூரில் பதிவாகிப் பெருநகரத்துக்குள் ஓடின. தென்காசியைக் காக்க வைத்ததற்குச் சென்னையும் மூச்சால் விலை கொடுத்தது.

ஒரே நாள்

2016 ஜனவரியில் மத்திய அரசு ஒரு முடிவை அறிவித்தது. பி.எஸ். 5 வேண்டாம், நேராக 6-க்குத் தாவுவோம், 2020 ஏப்ரல் 1-க்குள், நாடு முழுக்க. டெல்லிக்கு மட்டும் 2018-லேயே எண்ணெய் வந்துவிட்டது. மற்றபடி சென்னைக்கும் தென்காசிக்கும் ஒரே தேதி. இந்தத் தலைமுறையில் முதல் தடவையாக இடைவெளி பூஜ்யம்.

இந்தத் தாவலைப் பற்றி எழுதியவர்கள் ஆலைகளின் முதலீட்டை எழுதினார்கள், கார் கம்பெனிகளின் கையிருப்பை எழுதினார்கள். பங்க் டேங்க்குக்குள் நடந்த கணக்கை யாரும் பெரிதாக எழுதவில்லை. நிலத்தடி டேங்க்கை முழுக்கக் காலி செய்துவிட்டுப் புதுச் சரக்கு இறக்க முடியாது, அடியில் எப்போதும் கொஞ்சம் கிடக்கும். டேங்க்கில் பத்தில் ஒரு பங்கு பழைய 50 பி.பி.எம். டீசல் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே 8 பி.பி.எம். புதுச் சரக்கு இறக்குகிறார்கள். கலந்த பிறகு எவ்வளவு? 12.2. விதி 10-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. ஆக, லாரி வந்து இறங்கினாலும் அந்த டேங்க் இன்னும் பி.எஸ். 6 ஆகவில்லை. அதை விற்று, மறுபடி பத்தில் ஒரு பங்கு மிஞ்சும்போது இன்னொரு லோடு இறக்கினால் 8.4. அப்போதுதான் பாஸ்.

இதனால்தான் தேதிக்குச் சில வாரம் முன்பே புது எண்ணெயை அனுப்ப ஆரம்பித்தார்கள். தினம் ஒரு லோடு இறங்குகிற பங்க் இரண்டு நாளில் கழுவிக்கொள்ளும். விற்பனை மந்தமான கிராமத்துப் பங்க்கில் இரண்டு லோடு விற்க வாரக்கணக்காகும். சின்ன பங்க்குக்குத்தான் முன்கூட்டியே சரக்கு வர வேண்டும். அங்கேதான் அது கடைசியாகப் போய்ச் சேரும். விதி மாறும்போது பெரியவன் எளிதாக மாறுவான், சின்னவன் தவிப்பான் என்பதற்கு இதைவிடச் சுலபமான கணக்கு வேண்டியதில்லை. அந்த நேரம் பார்த்து மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. விற்பனை படுத்தது. ஏப்ரல் 1 விடிந்தபோது இந்தியாவின் மிகச் சுத்தமான எண்ணெய் பங்க்கில் இருந்தது, ரோட்டில் வண்டி இல்லை.

தென்காசி தனி மாவட்டம் ஆகி அப்போது நான்கு மாதம்கூட நிறைந்து ஐந்தாவதுதான் நடந்துகொண்டிருந்தது, 2019 நவம்பரில் பிறந்த மாவட்டம். பிறந்ததிலிருந்து சுத்தமான எண்ணெயோடு வளர்கிற மாவட்டம் என்று வேண்டுமானால் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

சாரலும் எத்தனாலும்

அடுத்த விதி எத்தனால். கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் வருகிற சாராயத்தைப் பெட்ரோலில் கலப்பது. 2022 ஜூனில் நாடு 10 சதவீதத்தைத் தொட்டது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலவை விற்பனைக்கு வந்தது. இறக்குமதியைக் குறைக்க, கார்பனைக் குறைக்க என்று காரணங்கள்.

எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் உயிர். பழைய பெட்ரோலில் தண்ணீர் புகுந்தால் அது அடியில் தனியாகக் கிடக்கும், டிப் ராடில் பேஸ்ட் தடவி இறக்கினால் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் கொஞ்சம் தண்ணீரைத் தனக்குள்ளேயே இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு அடியில் இறங்கிவிடும். அந்த அடி மட்டத்திலிருந்து உறிஞ்சிக் கொடுத்தால் வண்டி நூறடி போய் நின்றுவிடும். இப்போது யோசியுங்கள், ஜூன், ஜூலை, ஆகஸ்ட். விடாத சாரல். டேங்க் மூடி இருக்கிற குழியில் தண்ணீர் கசிகிற காலமும், ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் வருகிற வண்டிகள் பங்க்கில் வரிசை கட்டுகிற காலமும் ஒன்றேதான். டெல்லியில் எழுதிய விதி குற்றாலத்தில் மழையில் நனைகிறது.

இன்னொரு வேடிக்கை. எத்தனாலைக் கொஞ்சமாகக் கலந்தால் பெட்ரோல் முன்னைவிடச் சுலபமாக ஆவியாகும். புகைபோக்கியில் ஒன்றைக் குறைக்கப் போய், டேங்க் வாயில் இன்னொன்று கூடுகிறது. அந்த ஆவியைத்தான் கடைசியாகப் பார்க்க வேண்டும்.

யாரை எண்ணுவது

பெட்ரோல் வாசனை பலருக்குப் பிடிக்கும். அந்த வாசனைக்குள் பென்சீன் இருக்கிறது. ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்று சந்தேகமில்லாமல் நிறுவப்பட்ட பொருள் அது. பெட்ரோலில் அதன் அளவை 5 சதவீதத்திலிருந்து 1 சதவீதத்துக்குக் குறைத்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் மிச்சத்தை யார் சுவாசிக்கிறார்கள்? பைக்கில் இரண்டு லிட்டர் போட்டால் டேங்க்கிலிருந்து இரண்டு லிட்டர் ஆவி மேலே வரும். கார் டேங்க்கின் வாய் பக்கவாட்டில் இருக்கும். பைக் டேங்க்கின் வாய் நேராக, குனிந்து நிற்பவர் முகத்துக்குக் கீழே இருக்கும். எங்கள் பக்கத்துப் பங்க்குகளில் வரிசையில் நிற்பது பெரும்பாலும் பைக்தான்.

இதற்குத் தொழில்நுட்பம் உண்டு. ஆவி மீட்பு. முதல் கட்டம்: லாரியிலிருந்து இறக்கும்போது டேங்க் ஆவியை இன்னொரு குழாய் வழியாக லாரிக்கே திருப்பி அனுப்புவது. இரண்டாம் கட்டம்: நாசிலே ஆவியை உறிஞ்சி டேங்க்குக்குத் திருப்புவது. கலிஃபோர்னியாவில் இது எழுபதுகளிலேயே வந்துவிட்டது. பிறகு அமெரிக்காவில் காருக்குள்ளேயே ஆவியைப் பிடிக்கும் கரிப் பெட்டியைக் கட்டாயமாக்கி, 2012-ல் இரண்டாம் கட்டத்தைக் கழற்றிக்கொள்ளலாம் என்றார்கள். சீனாவும் கார் கம்பெனிகள் தலையில் அதைக் கட்டியது. நம் பி.எஸ். 6 அந்தப் பெரிய கரிப் பெட்டியைக் கேட்கவில்லை. ஆக, இங்கே சுமை பங்க் மேல்தான்.

எந்த பங்க் மேல்? பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் நடந்த வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய் 2023-ல் முடிந்தபோது நின்ற அளவுகோல் இது: 10 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரத்தில், மாதம் 300 கிலோ லிட்டருக்கு மேல் விற்கிற பங்க். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020 ஜனவரி வழிகாட்டுதல், புதிதாகத் திறக்கிற பங்க்குகளுக்கு நகர அளவை 1 லட்சமாக வைத்தது. பள்ளி, மருத்துவமனை, குடியிருப்புகளிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்றும் சொன்னது.

2011 கணக்கெடுப்பில் தென்காசி நகராட்சியின் மக்கள் தொகை 70,000 சொச்சம். குற்றாலம் பேரூராட்சி சில ஆயிரம். மாவட்டம் முழுக்கச் சேர்த்தால் 14 லட்சம், ஆனால் விதி கேட்பது நகரத்தை. எப்படிக் கூட்டினாலும் தென்காசி உள்ளே வராது. சீசனில் வந்து குவிகிற ஜனம் எந்தக் கணக்கெடுப்பிலும் கிடையாது.

அளவுகோலுக்கு ஒரு தர்க்கம் இருக்கிறது. நகரத்துக் காற்றில் ஆவிகள் சேர்ந்து ஓசோன் உண்டாவது கூட்டத்தைப் பொறுத்த விஷயம், அங்கே மக்கள் தொகையை எண்ணுவது சரி. கருவிக்கு லட்சக்கணக்கில் செலவாகும், மந்தமான பங்க்கில் கட்டாது என்பதும் சரி. ஆனால் நாசில் பிடித்து நிற்பவருடைய நுரையீரலுக்கு ஊரின் மக்கள் தொகை தெரியாது. மதுரையில் ஒரு பைக்குக்குப் பெட்ரோல் போடும்போது வருகிற ஆவியும் பாவூர்சத்திரத்தில் வருகிற ஆவியும் ஒன்றுதான். விதி ஊரை எண்ணுகிறது, ஆளை எண்ணவில்லை. ஈயத்தில் நடந்ததும் இதுதான், கந்தகத்தில் நடந்ததும் இதுதான். அந்த இரண்டிலும் 2000-லும் 2020-லும் இடைவெளியை மூடினோம். ஆவியில் அது இன்னும் திறந்தே கிடக்கிறது.

மூட என்ன வேண்டும்? முதல் கட்டம் பெரிய செலவில்லை. ஒரு குழாய், அதற்கேற்ற லாரி, வென்ட் பைப்பின் தலையில் அழுத்தம் பார்த்துத் திறக்கிற ஒரு வால்வு. அதை எல்லா ஊருக்கும் வைக்கலாம். இதைச் செய்ய வேண்டியது கம்பெனி. பெரும்பாலான பங்க்குகளில் டேங்க்கும் மெஷினும் கம்பெனியுடையவை, பதில் சொல்ல வேண்டியவர் மட்டும் டீலர். விதி மாறும்போதெல்லாம் சுற்றறிக்கை வருவது அவருக்கு, சோதனைக்கு ஆள் வருவது அவரிடம், “என்ன அண்ணாச்சி, பெட்ரோல்ல தண்ணியா?” என்று கேட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள் நிற்பதும் அவர் முன்னால். சட்டத்தை மதிக்க ஒருவரைத் தயார்ப்படுத்துவது என்றால் காகிதம் அனுப்புவது மட்டும் ஆகாது. கருவி, பயிற்சி, அதற்கான பணம் மூன்றும் சேர்ந்து வர வேண்டும். அவர் கீழே நாசில் பிடிக்கிற பெண்களுக்கும் பையன்களுக்கும் ஷிஃப்ட் மாற்றமும் மருத்துவப் பரிசோதனையும் சேர்ந்து வர வேண்டும்.

அது வருகிற வரை நம் கையில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. டேங்க் நிரம்பியதும் நாசில் தானாக ‘கிளிக்’ என்று நிற்கும். “இன்னும் கொஞ்சம், ரவுண்டா போட்டுருங்க” என்று நாம் சொல்லும்போது அவர் குனிந்து வாயை எட்டிப் பார்த்துத்தான் சொட்டுச் சொட்டாக விடுவார். அந்த அரை நிமிடம்தான் அவர் அதிகம் சுவாசிப்பது. கிளிக் சத்தம் கேட்டதும் போதும் என்று சொல்லிவிடுங்கள். சில்லறை ரவுண்டாக வராவிட்டால் பரவாயில்லை.